எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் மாதவிலக்கு: நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை



தலைப்பைப் பார்த்ததும் ஆண்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம். மருத்துவச் செலவுக்குக் கையெழுத்துப் போடுவதும், ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதும், நிக்காஹை எந்த மாதம் வைக்கலாம் என்று முடிவு செய்வதும் நம் வீடுகளில் இன்னும் பெரும்பாலும் ஆண்கள்தான். விஷயம் தெரியாமல் எடுக்கும் முடிவின் சுமை பெண் பிள்ளைகளின் உடம்பில் போய் விழுகிறது.

சென்ற ஆண்டு நம் அறக்கட்டளை ஒரு சகோதரியின் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு உதவியது. முப்பது வயதைத் தாண்டியவர். சர்க்கரை, மூட்டு வலி, படுத்தால் மூச்சுத் திணறல் என்று சிரமப்பட்டவர். அறுவை நல்லபடி முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் கோப்பை மூடி வைத்தோம். ஏழு மாதம் கழித்து அவருடைய உம்மா அலுவலகத்துக்கு வந்தார். "புள்ளைக்கு ரத்தம் ஏத்தணும்ங்கிறாங்க, ஹீமோகுளோபின் ஆறுதான் இருக்காம்" என்றார். எடை குறைந்து நன்றாக இருந்த பிள்ளைக்கு ரத்தம் ஏன் குறைந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

நம் மகளிர் குழுவினர் வீட்டுக்குப் போய்ப் பேசிய பிறகுதான் விவரம் தெரிந்தது. அறுவைக்கு முன்பு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்த மாதவிலக்கு, பிறகு இருபது நாளுக்கு ஒருமுறை வரத் தொடங்கியிருக்கிறது. ஒரு தடவை 17 நாள் நிற்கவே இல்லை. சத்து மாத்திரை மூன்றாம் மாதமே தீர்ந்துவிட்டது. வாங்கப் பணம் இல்லை. எங்களிடம் மறுபடி கேட்கக் கூச்சம். அறுவை செய்த டாக்டர் ஆண் என்பதால் அவரிடமும் சொல்லவில்லை. அந்த 17 நாளும் தொழாமலே இருந்திருக்கிறார்.

இதில் பெரிய தவறு எங்களுடையது. அறுவைக்குப் பணம் கொடுத்தோம். அதற்குப் பின் ஆயுள் முழுக்கத் தேவைப்படும் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அந்தச் சகோதரி இப்போது தேறிவிட்டார். "என் பேரைப் போடாம எழுதுங்க, வேற யாருக்காவது உதவும்" என்று அவரே சொன்னதால்தான் இதை எழுதுகிறோம்.

இது ஏதோ ஒருவருக்கு வரும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் சுமார் 40 விழுக்காட்டினர் அதிக எடை உள்ளவர்கள். அதே ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருந்தது. உடம்பு பெருத்திருப்பவருக்கு ரத்தம் நிறைய இருக்கும் என்று நம் பெரியவர்கள் நினைப்பதுண்டு. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம், இருக்கவும் செய்கிறது.

கொழுப்புக்கும் மாதவிலக்குக்கும் என்ன சம்பந்தம்?

உடம்பில் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. அது ஒரு சுரப்பியைப் போல வேலை செய்கிறது. ஆண் தன்மையுள்ள ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும் வேலை கொழுப்பிலும் நடக்கிறது. எடை கூடும்போது பலருக்கு இன்சுலினும் ரத்தத்தில் கூடிவிடுகிறது. கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. இதனால் மாதாமாதம் முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது. முட்டை வராவிட்டால் மாதவிலக்கும் முறையாக வராது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு, பிள்ளைப்பேறு தாமதம் என்று நாம் 'நீர்க்கட்டி' எனச் சொல்லும் பிசிஓடி பலருக்கும் இப்படித்தான் முற்றுகிறது.

முட்டை வராத மாதங்களிலும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே இருக்கிறது. அது உதிராமல் தடித்து நிற்கிறது. பல ஆண்டுகள் இப்படி நீடித்தால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது.

இப்போது அறுவைக்கு வருவோம். நம் பகுதியில் பெரும்பாலும் இரண்டு வகை செய்கிறார்கள். 'ஸ்லீவ்' என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். 'பைபாஸ்' என்பதில் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, குடலின் முற்பகுதியைத் தாண்டிக் கீழே இணைத்துவிடுகிறார்கள். இந்த அறுவை அழகுக்காகச் செய்வதல்ல. உடல் எடைக் குறியீடு 35-க்கு மேல் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்று 2022-இல் சர்வதேச அறுவை மருத்துவச் சங்கங்கள் கூறின. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை போன்ற நோய்கள் வந்துவிடுவதால் நம் அளவு இன்னும் கீழே, 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்றார்கள். யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்; பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கூடாது.

அறுவை முடிந்த சில வாரங்களிலேயே இன்சுலின் இறங்கத் தொடங்குகிறது. ஆண் ஹார்மோன் குறைகிறது. பல ஆண்டு தூங்கிக் கிடந்த சினைப்பை விழித்துக்கொள்கிறது. ஆகவே முதல் சில மாதங்களில் மாதவிலக்கு வழக்கம் மாறுவது பெரும்பாலும் உடம்பு சீராவதன் அடையாளம்தான். ஆனால் அந்த மாற்றம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது.

சிலருக்கு அறுவை முடிந்து ஒரு வாரத்துக்குள், தேதி இல்லாத தேதியில், ரத்தம் படும். அறுவையின் அதிர்ச்சி ஒரு காரணம். ஏற்கெனவே ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, ரத்தக்கட்டு வரக்கூடாது என்று அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன் அதை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினாலும் ரத்தம் வரும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசியாலும் போக்கு சற்றுக் கூடலாம். தடித்து நின்ற உள்சவ்வு உதிரும்போது முதல் ஓரிரு முறை கட்டிகட்டியாகப் போவதும் உண்டு. இதற்கு நேர்மாறாக, முன்பு ஒழுங்காக வந்தவருக்கு எடை வேகமாக இறங்கும் மாதங்களில் இரண்டு மூன்று மாதம் வராமலே போகலாம். உணவு வரத்து திடீரெனக் குறைந்ததால் உடம்பு அந்த வேலையைத் தள்ளி வைக்கிறது. எடை நிலைக்கு வந்ததும் பெரும்பாலோருக்கு முறைப்படுகிறது.

இரும்புச்சத்து

நாங்கள் கண்ட ஆபத்து இங்கேதான் இருந்தது. சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். அதை உறிஞ்சுவது குடலின் முற்பகுதி. ஸ்லீவில் அமிலம் குறைகிறது. பைபாஸில் அந்தக் குடல் பகுதியையே உணவு தொடாமல் போகிறது. கறியும் ஈரலும் முன்பு போலச் சாப்பிடவும் முடியாது. வரவு இப்படிச் சுருங்கிய நேரத்தில், மாதவிலக்கு அடிக்கடி வந்து செலவு கூடினால் கையிருப்பு எத்தனை நாள் தாங்கும்?

மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு அறுவைக்குப் பின் நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரையாக வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். கால்சியம் மாத்திரையை அதனுடன் சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயும் இரும்பை உறிஞ்ச விடாது. நம் வீடுகளில் மாத்திரையை டீயோடு விழுங்கும் பழக்கம் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறோம். பி12, வைட்டமின் டி, ஃபோலிக் அமிலம் ஆகியவையும் மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும். கேப்ஸ்யூலின் உறை ஜெலட்டின் என்று கேள்விப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிட்ட சகோதரிகளும் உண்டு. நிறுத்த வேண்டியதில்லை. சாதாரண மாத்திரையாகவோ சிரப்பாகவோ மாற்றித் தரும்படி கேட்டால் மருத்துவர் மாற்றித் தருவார்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மாதவிலக்கு வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மெஃப்டால், டைக்ளோஃபெனாக், புரூஃபென் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது. குடலை இணைத்த இடத்தில் புண் வந்து ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். ஸ்லீவ் செய்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைப் போடக் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று அவரிடம் கேளுங்கள். கடுமையான வயிற்று வலி வந்தால் "அந்த நாள் வலிதான்" என்று நீங்களாக முடிவு கட்டிப் படுத்துவிடாதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் சிக்கிக்கொள்வதும் அப்படித்தான் வலியாகத் தொடங்கும்.

எதிர்பாராத கர்ப்பம்

திருமணமாகி எட்டு ஆண்டு பிள்ளையில்லாத ஒரு தம்பதியை எங்களுக்குத் தெரியும். மனைவிக்கு அறுவை நடந்தது. "நமக்கு எங்கே உண்டாகப் போகிறது" என்று எந்த ஏற்பாடும் செய்யாமல் இருந்தார்கள். ஐந்தாம் மாதம் மாதவிலக்கு நின்றது. எடை குறையும்போது நிற்பது சகஜம் என்று யாரோ சொல்ல, இரண்டு மாதம் அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகுதான் கர்ப்பம் என்று தெரிந்தது. அல்லாஹ்வின் கிருபையால் தாயும் பிள்ளையும் நலம். ஆனால் பிரசவம் வரை ஊசியும் பரிசோதனையுமாக அந்தக் குடும்பம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தோம். பிள்ளை எடை குறைவாகத்தான் பிறந்தது.

அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்களாவது கர்ப்பம் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். தாயின் உடம்பே பட்டினியில் கரைந்துகொண்டிருக்கும் காலம் அது. கணவன் மனைவி இருவரும் சம்மதித்துக் கருத்தரிப்பைத் தற்காலிகமாகத் தள்ளிப்போடலாம் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. எந்த முறை என்பதில் கவனம் தேவை. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். அதை நம்பியிருக்கக் கூடாது. காப்பர்-டி நம்பகமானது, ஆனால் போக்கை அதிகப்படுத்தும் என்பதால் ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஹார்மோன் உள்ள சாதனம் போக்கைக் குறைக்கும். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். மகப்பேறு மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேட்பதே நல்லது. அறுவைக்கு முன்பே போனால் இன்னும் நல்லது.

மணமாகாத பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. மாப்பிள்ளை அமையவில்லை என்று அறுவை செய்து, இளைத்ததும் அவசரமாக நிக்காஹ் முடித்து, அறுவை நடந்ததையே மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைப்பதைப் பார்க்கிறோம். பிறகு மூன்றாம் மாதமே மாமியார் "விசேஷம் உண்டா" என்று கேட்கும்போது அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? மருத்துவர் சொன்ன காலம் முடியும் வரை நிக்காஹைத் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் மாப்பிள்ளையிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது எங்கள் கருத்து.

தொழுகை, நோன்பு பற்றிய ஐயங்கள்

வழக்கம் மாறியதும் நம் சகோதரிகளுக்கு எழும் முதல் கேள்வி, "எனக்கு இப்போ தொழுகை உண்டா, இல்லையா?" என்பதுதான். நம் ஊரில் ஷாஃபிஈ குடும்பங்களும் ஹனஃபி குடும்பங்களும் கலந்து வாழ்வதால் ஒரே வீட்டு மருமகள்கள் இருவர் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு 3 நாள், அதிக அளவு 10 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும், அதிகம் 15 நாள். இரண்டு ஹைளுக்கு இடையில் சுத்தமான காலம் குறைந்தது 15 நாள் என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. இந்த அளவுக்குள் வராத ரத்தம் இஸ்திஹாளா எனப்படும் உதிரப்போக்கு. அதற்குத் தொழுகையை விடக் கூடாது. ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் சுத்தம் செய்து, ஒளுச் செய்து தொழ வேண்டும்; நோன்பும் உண்டு.

மேலே சொன்ன சகோதரி ஹனஃபி. அவருடைய பழைய வழக்கம் 6 நாள். 17 நாள் ரத்தம் 10 நாளைத் தாண்டிவிட்டதால் வழக்கமான 6 நாள் மட்டுமே ஹைள். மீதி 11 நாளும் இஸ்திஹாளா. அந்த 11 நாள் தொழுகையையும் அவர் களாச் செய்ய வேண்டியிருந்தது. 15 நாளைத் தாண்டும்போது ஷாஃபிஈ மத்ஹபில் ரத்தத்தின் தன்மையையும் பழைய வழக்கத்தையும் பார்ப்பார்கள். கணக்கு நுணுக்கமானது, ஆலிம்களிடம் கேட்க வேண்டியது. அப்படிக் கேட்கப் போகும்போது தேதி தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. "போன மாசம் நடுவுல" என்று சொன்னால் எந்த ஆலிமாலும் கணக்குச் சொல்ல முடியாது, எந்த டாக்டராலும் மருந்து சொல்ல முடியாது. சமையலறைக் காலண்டரில் தொடங்கிய நாளையும் நின்ற நாளையும் ஒரு புள்ளி வைத்தாலே போதும். ஒரு புள்ளி இருவருக்கும் உதவும். தலாக் ஆகி இத்தாவில் இருப்பவருக்கு இந்தத் தேதிகள் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

நோன்பைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. இஸ்திஹாளா நோன்பைத் தடுக்காது என்பது உண்மை. ஆனால் நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. அது வேறு விஷயம். சிறு பையாகிவிட்ட இரைப்பையால் இஃப்தாரில் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியைக் கூட ஒரே மூச்சில் ஏற்க முடியாது. தண்ணீரையும் மிடறு மிடறாக நாள் முழுக்கக் குடிக்க வேண்டியவர் அவர். அறுவை நடந்த முதல் ஆண்டில் நோன்பு வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவர் சொல்வதை எழுதி வாங்கி ஆலிமிடம் காட்டுங்கள். உம்ராவுக்குப் போகும்போது மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்குவோரும், புதிதாக அறுவை செய்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். ரத்தக்கட்டு அபாயம் இருக்கிறது.

இதையெல்லாம் ஆண் டாக்டரிடமும் ஆலிமிடமும் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தம் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் இஸ்திஹாளாவின் சட்டத்தை இன்று நாம் படிக்கிறோம். வாயால் சொல்ல முடியாதவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

எப்போது தாமதிக்காமல் போக வேண்டும்? ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், எழுந்தால் கண் இருட்டினால், நெஞ்சு படபடத்தால் அன்றே போக வேண்டும், இரவானாலும் சரி. எட்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, 24 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலோ அந்த வாரத்திலேயே காட்டுங்கள். மணமான பெண்ணுக்கு நாள் தள்ளினால் எடையைக் காரணம் சொல்லாமல் முதலில் கர்ப்பப் பரிசோதனை. மூன்று மாதம் வராவிட்டாலும் காட்ட வேண்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஒழுங்கற்ற போக்கு இருந்தாலும், மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு பட்டாலும், "அறுவையால்தான்" என்று விடாமல் ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பை உள்சவ்வைப் பார்த்துவிட வேண்டும்.

நம் அறக்கட்டளை இந்த ஆண்டு முதல் ஒரு மாற்றம் செய்திருக்கிறது. எடைக் குறைப்பு அறுவைக்கு உதவி கேட்டு வரும் விண்ணப்பத்தில், அறுவைக்குப் பின் 3, 6, 12 ஆகிய மாதங்களில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கும் ஓராண்டு மாத்திரைக்கும் ஆகும் தொகையையும் சேர்த்தே கணக்கிடுகிறோம். ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்கள், எங்கள் உதவியில் செய்திருந்தாலும் சொந்தச் செலவில் செய்திருந்தாலும், ஜகாத் பெறத் தகுதியுள்ளவராக இருந்தால் மாத்திரைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை மகளிர் குழுவே வாங்கும். அதிலுள்ள மருத்துவ விவரங்களை ஆண் நிர்வாகிகள் பார்க்க மாட்டோம். மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறு அஸருக்குப் பின் மதரஸாவின் பெண்கள் பகுதியில் குழுவினர் இருப்பார்கள். வரும்போது மருத்துவச் சீட்டையும், இருந்தால் அந்தக் காலண்டர் தாளையும் கொண்டு வாருங்கள்.